கேட் புஷ் பாட்டை எப்படி கேக்குறது: முதல்ல யார் பேசுறாங்கன்னு பாருங்க

2022ல எங்க சித்தி பொண்ணு கே.எல்ல, அதாவது கோலாலம்பூர்ல, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ரூம் எடுத்து தங்கி வேலை பார்த்துகிட்டு இருந்தா. ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும், வாட்ஸப்புல வாய்ஸ் மெசேஜ் வருது, "அண்ணே, ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் சீரியல்ல ஒரு பொண்ணு ஹெட்ஃபோன்ல பாட்டு கேட்டு உயிர் பொழைக்குதே, அந்தப் பாட்டு யார் பாடுனது, புதுசா?" அப்படின்னு. புதுசு இல்லம்மா, 1985ல வந்தது, ரன்னிங் அப் தட் ஹில்னு பேரு, பாடுனவங்க கேட் புஷ், இங்கிலாந்துக்காரங்க, எழுதுனது மெட்டு போட்டது தயாரிச்சது எல்லாமே அவங்கதான்னு பதில் போட்டேன். அவ என்ன பண்ணா, ஃபோன்ல பேரைத் தட்டி, மேல வந்த இன்னொரு பாட்டை அமுக்கிட்டா, அது வுதரிங் ஹைட்ஸ். ரெண்டு நிமிஷத்துல திரும்ப மெசேஜ், "அண்ணே, குரல் ஏன் இப்படி கீச்சுன்னு இருக்கு, என்னால முடியல."

அவ மேல தப்பே இல்ல. வழி சொல்லாம உள்ள விட்டா யாரா இருந்தாலும் அப்படித்தான் திரும்பி வருவாங்க. அதுக்கப்புறம் நாலஞ்சு பேருக்கு இதே விஷயத்தை தே தாரிக் கடையில உக்காந்து சொல்லியாச்சு, ஒவ்வொரு தடவையும் ஒன்னு விட்டுப் போகுது, அதனாலதான் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம், இதைப் பிடிச்சுகிட்டா மத்ததெல்லாம் தானா வரும். நம்ம சங்கப் பாட்டுல அகப்பாட்டு படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் கீழ தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்றுன்னு ஒரு வரி போட்டிருக்கும். எங்க தமிழ் வாத்தியார் அந்த வரியைப் படிக்காம பாட்டுக்குள்ள போகவே விடமாட்டார், யார் யார்கிட்ட எப்போ சொல்றாங்கன்னு தெரியாம உனக்கு என்னடா புரியும்னு கேப்பார். கேட் புஷ் பாட்டுக்கும் அதேதான். அவங்க பாதிக்கு மேல பாட்டுல தன் கதையைச் சொல்றதில்ல, வேற ஒரு ஆளா மாறி பேசுறாங்க, ஒரு தடவை ஆவி, ஒரு தடவை மகனை இழந்த அம்மா, ஒரு தடவை பிரசவ அறைக்கு வெளிய நிக்கிற புருஷன், ஒரு தடவை கடல்ல மிதக்குற பொண்ணு. ஆள் மாறுனா குரலும் மாறும். கூத்துல வேஷம் கட்டுனவன் சொந்தக் குரல்ல பேசுவானா, மாட்டான்ல. அதனால ஒரு பாட்டை போடுறதுக்கு முன்னாடி, இல்ல முதல் தடவை கேட்ட உடனே, வரிகளை எடுத்து வச்சு இது யார் கூற்றுன்னு ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்க. பேப்பர்லயோ ஃபோன் நோட்ஸ்லயோ, எங்கயாச்சும். அப்புறம் திரும்ப கேளுங்க.

ரெண்டாவது, ஷஃபிள் போடாதீங்க. கண்டிப்பா போடாதீங்க. ஏன்னு கீழ ஃபெர்ரி விஷயத்துல வருது.

சரி எங்க ஆரம்பிக்கிறது. எல்லாருக்கும் தெரிஞ்ச ரன்னிங் அப் தட் ஹில்லயே ஆரம்பிங்க, ஆனா மூணு தடவை கேக்கணும். முதல் தடவை தாளத்தை மட்டும் கேளுங்க, குரலை விட்டுடுங்க. அந்த டமடமன்னு குதிரை ஓடுற மாதிரி வர்ற அடி, அது டெல் பால்மர் லின்ட்ரம்ங்கிற மெஷின்ல ப்ரோக்ராம் பண்ணது, அவர்தான் அவங்க கூட ரொம்ப வருஷம் பேஸ் கிட்டார் வாசிச்சவர், அந்த அடி பாட்டு முடியற வரைக்கும் ஓயாது. தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணிமலைக் கோயிலுக்கு போயிருப்பீங்க, காவடிக்கு முன்னாடி பசங்க உறுமி மேளம் அடிச்சுகிட்டே வருவாங்க, அடி அதே அடிதான், ஆனா அந்த அடிக்கு மேல காவடி எடுத்தவர் முகம் மாறிக்கிட்டே போகும் பாருங்க, அந்த மாதிரி இங்க அடி மாறாது, மேல இருக்குற மனசு மாறிக்கிட்டே போகும். ரெண்டாவது தடவை அந்த அழுகுற மாதிரி வளைஞ்சு வர்ற மெட்டுத் துண்டை மட்டும் பின்தொடருங்க, அது செல்லோ சத்தத்தை ஃபேர்லைட்டுங்கிற கம்ப்யூட்டர் கருவியில ஏத்தி கீபோர்டுல வாசிச்சது. மூணாவது தடவைதான் வரிகள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும், ஒருத்தரை ஒருத்தர் நேசிக்கிறாங்க, ஆனா ஒருத்தர் வலி இன்னொருத்தருக்கு புரியல, கடவுள்கிட்ட ஒரு ஒப்பந்தம் போட்டு ரெண்டு பேரும் இடம் மாத்திக்க முடிஞ்சா புரியுமேன்னு கேக்குறாங்க. கடவுளோட ஒப்பந்தம்ங்கிறதைத்தான் தலைப்பாவே வைக்க நினைச்சாங்க, சில நாடுகள்ல மத விஷயம்னு வானொலியில போடமாட்டாங்கன்னு ரெக்கார்டு கம்பெனி பயந்ததால மாத்துனாங்க. 1985ல இங்கிலாந்துல மூணாவது இடம் வரைக்கும் போச்சு. 2022 ஜூன்ல முதல் இடம், அதாவது 37 வருஷம் கழிச்சு. அந்த மலை ஏறுற பாட்டு 37 வருஷம் ஏறிகிட்டே இருந்திருக்கு, எனக்கு இதை நினைச்சா இன்னமும் சிலிர்க்கும்.

இப்போ வுதரிங் ஹைட்ஸ், தங்கச்சி ஓடிப்போன பாட்டு. கூற்று யாருடையது? செத்துப்போன கேத்தியோட ஆவி. எமிலி பிரான்டே எழுதுன நாவல்ல வர்ற பொண்ணு, ராத்திரி குளிர்ல ஜன்னலுக்கு வெளிய நின்னு உள்ள விடுன்னு காதலன் ஹீத்க்ளிஃபைக் கூப்பிடுறா. இப்போ சொல்லுங்க, ஆவி நம்ம மாதிரி சாதாரணமா பேசுமா? அந்தக் குரல் கீச்சுன்னு இருக்கணும், தரையில கால் படாத மாதிரி இருக்கணும், காத்துல ஆடணும், அதுக்குத்தான் அவ்ளோ மேல தூக்கி பாடியிருக்காங்க. அவங்க பிபிசி தொடர்ல அந்தக் கதையோட கடைசி சில நிமிஷத்தைத்தான் முதல்ல பார்த்தாங்க, அப்புறம்தான் நாவலைப் படிச்சாங்க, எழுதுனப்போ வயசு 18. ரெண்டு பேருக்கும் பிறந்தநாள் ஒன்னு, ஜூலை 30, எமிலி 1818, இவங்க 1958. கம்பெனி வேற பாட்டைத்தான் முதல்ல விடலாம்னு சொல்லுச்சு, இவங்க இதுதான்னு பிடிவாதமா நின்னாங்க. 1978 ஜனவரியில வந்து மார்ச்ல முதல் இடத்துக்குப் போய் நாலு வாரம் அங்கயே இருந்துச்சு. தானே எழுதி தானே பாடி பிரிட்டன்ல முதல் இடம் பிடிச்ச முதல் பெண் இவங்கதான். பத்தொம்பது வயசு. இந்தப் பாட்டை 1986ல ஒரு தொகுப்புக்காக திரும்பவும் பாடி பதிவு பண்ணாங்க, ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, ஒன்னுல ஆவி சின்னப் பொண்ணு, இன்னொன்னுல உடம்பு கொஞ்சம் கனத்துப்போன ஆவி. எனக்கு முதல்ல வந்ததுதான் பிடிக்கும்.

அடுத்து மூணு பாட்டு, இதெல்லாம் பயிற்சி மாதிரி. பபூஷ்கா, 1980: புருஷனை சோதிக்க பொண்டாட்டியே வேற பேர்ல கடிதம் எழுதுறா, அவன் அந்த முகம் தெரியாத பொண்ணு மேல மயங்கிடுறான், ஏன்னா அவ எழுத்துல பழைய பொண்டாட்டி சாயல் இருக்கு. கடைசியில கண்ணாடி நொறுங்குற சத்தம் வரும், அது அதே ஃபேர்லைட்ல பதிஞ்சது, அந்தக் கருவியை பிரிட்டன்ல ஆரம்பத்துலயே பயன்படுத்துனவங்கள்ல இவங்க ஒருத்தர். இதுல கதை சொல்றவங்க குரலும் பொண்டாட்டி குரலும் எங்க பிரியுதுன்னு கண்டுபிடிங்க.

ஆர்மி ட்ரீமர்ஸ், அதே ஆல்பம், நெவர் ஃபார் எவர். இதுக்கு கொஞ்சம் நேரம் கொடுங்க. மூணு மூணா எண்ணுற வால்ட்ஸ் தாளம், தாலாட்டு மாதிரி ஆடும், முதல்ல கேக்கும்போது குழந்தைப் பாட்டோன்னு தோணும். ஆனா நடு நடுவுல ஒரு க்ளிக் சத்தம் வரும், அது துப்பாக்கியை லோட் பண்ற சத்தம், அதுவே தாளத்துல ஒரு வாத்தியமா உக்காந்திருக்கு. பேசுறது ஒரு அம்மா, பட்டாளத்துக்கு போன மகன் பொணமா வந்திருக்கான், அவன் என்னென்ன ஆகியிருக்கலாம்னு அடுக்குறா, என்னால என்ன பண்ண முடிஞ்சிருக்கும்னு தன்னையே கேக்குறா. நம்ம புறப்பாட்டுல ஒரு அம்மா இருக்கா, புலி இருந்துட்டு போன கல்குகை மாதிரி என் வயிறு, அவன் போர்க்களத்துலதான் இருப்பான்னு பெருமையா சொல்லுவா. இந்த அம்மாகிட்ட அந்தப் பெருமை ஒரு துளி இல்ல. இது ஒப்பாரி, ஆனா கத்தாத ஒப்பாரி, மார்ல அடிச்சுக்காத ஒப்பாரி, வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் போனதுக்கு அப்புறம் அடுப்படியில தனியா நின்னு முனகுற மாதிரி. அதனாலதான் குரலை இவ்ளோ சின்னதா வச்சிருக்காங்க. எங்க பாட்டி எஸ்டேட்டுல இருந்தப்போ ஒரு மகனை பறிகொடுத்தவங்க, அவங்க அழுது நான் பார்த்ததே இல்ல, காலையில கோப்பி ஆத்தும்போது மட்டும் ஏதோ முணுமுணுப்பாங்க, ஒரே மெட்டு, வார்த்தை விளங்காது. இந்தப் பாட்டை முதல் தடவை கேட்டப்போ எனக்கு அந்த கோப்பி டம்ளர் சத்தம்தான் கேட்டுச்சு.

மூணாவது திஸ் வுமன்ஸ் வர்க். பாடுறது பெண்குரல், ஆனா பேசுறது புருஷன், பிரசவத்துல சிக்கல், வெளிய நிக்க வச்சுட்டாங்க. 1988ல வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காக எழுதுனது. இதுக்கு மேல நான் ஒன்னும் சொல்லல, பஸ்ல போகும்போது மட்டும் கேக்காதீங்க.

இந்த இடத்துல அவங்க எப்படி இந்த நிலைக்கு வந்தாங்கன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், ஏன்னா பாட்டோட ஸ்டைலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு. கென்ட் பக்கம் வெல்லிங்ல ஒரு பழைய பண்ணை வீட்டுல வளர்ந்தவங்க, அப்பா டாக்டர், அம்மா அயர்லாந்துக்காரங்க, அண்ணன்மார் ரெண்டு பேரும் இசை கவிதைன்னு திரிஞ்சவங்க. பள்ளிக்கூடத்துல இருக்கும்போதே நிறைய பாட்டு எழுதி டேப்ல பாடி வச்சிருந்தாங்க, அந்த டேப் பிங்க் ஃப்ளாய்ட் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் கைக்குப் போச்சு, அவர் கைக்காசு போட்டு 1975ல ஒழுங்கா ஸ்டூடியோவுல பதிய வச்சார். 1976ல இ.எம்.ஐங்கிற ரெக்கார்டு கம்பெனியோட ஒப்பந்தம், ஆனா உடனே ஆல்பம் விடல, அந்த இடைவெளியில லிண்ட்சே கெம்ப்கிட்ட மைம் கத்துகிட்டாங்க. அதாவது பேசாம உடம்பாலயே ஆளா மாறுறது. வேஷம் கட்டுற வித்தை அங்க இருந்துதான் வருது. 1979ல ஒரே ஒரு டூர் போனாங்க, ஆடிகிட்டே பாடணும்னா கையில மைக் இருக்கக்கூடாதுன்னு, சட்டை மாட்டுற கம்பி ஹேங்கரை வளைச்சு தலையில மாட்டுற வயர்லெஸ் மைக் செஞ்சுகிட்டாங்க. இப்போ மேடையில ஆடுற எல்லாரும் காதோரமா போடுறாங்களே அது, அப்போ கடையில வாங்க கிடைக்காத சாமான். அதுக்கப்புறம் முழு மேடை நிகழ்ச்சின்னா 2014தான், லண்டன் ஹேமர்ஸ்மித்ல 22 நாள், நடுவுல 35 வருஷம்.

1982ல தி ட்ரீமிங், முழுசா தானே தயாரிச்ச முதல் ஆல்பம், சத்தம், கோபம், விசித்திரம் எல்லாம் கொட்டியிருக்கும், முந்தின மாதிரி விக்கல. ஸ்டூடியோ வாடகை வேற மணிக்கணக்குல ஏறுது. அப்போ அவங்க எடுத்த முடிவுதான் என்னைப் பொறுத்தவரை அவங்க வாழ்க்கையிலயே பெரிய முடிவு, வீட்டுப் பண்ணையிலயே சொந்தமா ஸ்டூடியோ கட்டிட்டாங்க. கடிகாரத்தைப் பார்க்காம வேலை செஞ்சாங்க. அதுல இருந்து வந்ததுதான் 1985ல ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ், மடோனா ஆல்பத்தை இறக்கிட்டு முதல் இடத்துல உக்காந்துச்சு.

இப்போ ஃபெர்ரி. அந்த ஆல்பத்தோட ரெண்டாம் பக்கம் முழுக்க ஒரே கதை, தி நைன்த் வேவ்னு பேரு, ஏழு பாட்டு, கிட்டத்தட்ட 26 நிமிஷம். ஒரு பொண்ணு ராத்திரி நடுக்கடல்ல லைஃப் ஜாக்கெட்டோட தனியா மிதக்குறா, ஜாக்கெட்ல ஒரு குட்டி விளக்கு, யாராச்சும் பார்த்து தூக்குவாங்களான்னு காத்திருக்கா, தூங்கிட்டா செத்துருவா. இதை ஷஃபிள்ல போட்டா ஒன்னுமே கிடைக்காது, நடு அத்தியாயத்தை மட்டும் கிழிச்சு படிக்கிற மாதிரி. பினாங்குல இருக்குறவங்களுக்கு இதைக் கேக்க ஒரு நல்ல இடம் இருக்கு, பட்டர்வர்த் ஃபெர்ரி. இருட்டுன பிறகு ஜார்ஜ்டவுன் ஜெட்டியில ஏறுங்க, அங்க இறங்கி திரும்ப இந்தப் பக்கம் வாங்க, போக வர நேரம் காத்திருக்குற நேரம் எல்லாம் சேர்த்தா அந்த ஏழு பாட்டும் முடிஞ்சிரும். ஜன்னலோரமா உக்காருங்க. ஹெட்ஃபோன் காதை மூடுறதா இருக்கணும், ஏன்னா சின்னச் சின்ன குரல் நிறைய இருக்கு.

போன வருஷம் தங்கச்சி தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்போ இப்படித்தான் கூட்டிட்டு போனேன். ஒரே ஃபோன்ல ரெண்டு ஹெட்ஃபோன். முதல் பாட்டு தூக்கம் கண்ணைக் கட்டுற பாட்டு, பியானோ, பின்னால கப்பல்களுக்கு வானிலை சொல்ற குரல் மெல்லிசா கேக்கும். ரெண்டாவதுல பனிக்கட்டி மேல சறுக்கிட்டு போறா, கீழ யாரோ அடைபட்டு கிடக்குறாங்கன்னு பார்த்தா அது அவளேதான். மூணாவது, வேக்கிங் த விட்ச், தொடங்கும்போது எழுந்திரு எழுந்திருன்னு வெவ்வேற குரல், வீட்டு ஆளுங்க மாதிரி, அப்புறம் அப்படியே சூனியக்காரி விசாரணையா மாறி ஒரு தடிச்ச ஆம்பளைக் குரல் மிரட்டும், இந்தப் பொண்ணு குரல் துண்டு துண்டா வெட்டுப்படும், தண்ணிக்குள்ள முங்கி முங்கி எழுற மாதிரி. தங்கச்சி என் கையைப் பிடிச்சா அந்த இடத்துல. வெளிய தண்ணி கருப்பா இருந்துச்சு, தூரத்துல பாலத்து விளக்கு வரிசை மட்டும். நாலாவது பாட்டுல அவ உசுரு வீட்டுக்கு போய் நிக்குது, வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துகிட்டு இருக்கார், இவ பக்கத்துலயே நின்னு பேசுறா, அவருக்கு கேக்கல. நெய்தல் திணைன்னா இரங்கல்னு படிச்சிருக்கோம், கரையில நின்னு கடல் பக்கம் பார்த்து ஏங்குறது, இங்க அப்படியே திருப்பிப் போட்டிருக்காங்க, கடல்ல கிடக்குறவ வீட்டைப் பார்த்து ஏங்குறா. அஞ்சாவதுல அயர்லாந்து ஃபிடிலும் மத்தளமும் கொட்டுது, அம்மா வழி ரத்தம், வருங்காலத்துல கிழவியாகப்போற அவளே வந்து நிக்கிறா, நீ இப்போ செத்தா நான் எப்படி இருப்பேன், உனக்குப் பொறக்கப்போற புள்ளைங்க எங்க போகும்னு சண்டை போடுறா. ஆறாவதுல வானத்துல இருந்து பூமியைப் பார்க்குறா, நடுவுல ஜார்ஜியா நாட்டு நாட்டுப்புறப் பாட்டை ஒரு ஆண்கள் குழு பாடும், கோயில் கருவறையில நிக்கிற மாதிரி ஒரு அமைதி. கடைசிப் பாட்டுல விடியுது. அவ பொழைச்சா, அம்மாவை அப்பாவை அண்ணனுங்களை எல்லாம் எவ்ளோ நேசிக்கிறேன்னு சொல்லப்போறேன்னு பாடுறா. ஜெட்டியில எல்லாரும் இறங்கி போயிட்டாங்க, தங்கச்சி மட்டும் கொஞ்ச நேரம் நடக்காம நின்னுட்டு, ஃபோனை எடுத்து சித்திக்கு அடிச்சா, "ஒன்னும் இல்லம்மா, சும்மாதான்."

ஃபெர்ரி இல்லாத கே.எல் ஆளுங்க வீட்டுல விளக்கை அணைச்சுட்டு, ஃபோனை கவுத்து வச்சுட்டு கேளுங்க, மழை பெய்யுற ராத்திரி கிடைச்சா இன்னும் நல்லது, கே.எல்ல அதுக்கா பஞ்சம்.

இதுக்கு அப்புறம் அவசரப்படாதீங்க, ஒரு வாரம் விடுங்க. பிறகு 2005ல வந்த ஏரியல், பன்னெண்டு வருஷ இடைவெளிக்கு அப்புறம் வந்த ரெட்டை ஆல்பம். அதுல ஒரு பாட்டுல பை எண்ணோட இலக்கங்களையே வரிசையா பாடுவாங்க, இன்னொன்னுல ஒரு அம்மா வாஷிங் மெஷின்ல துணி சுத்துறதைப் பார்த்துகிட்டே எங்கயோ போயிடுவா. நம்ம வீட்டுல நடக்காத விஷயமா இதெல்லாம்? குரல் இப்போ கீழ இறங்கி கனிஞ்சிருக்கும். ரெண்டாவது டிஸ்க் ஒரு நாள் பொழுது முழுக்க, மறுநாள் விடியற வரைக்கும், பறவைச் சத்தத்தோட. விடியக்காலையில குயில் கத்துற நேரத்துக்கு எழுந்து ஜன்னலைத் திறந்து வச்சு ஹெட்ஃபோன் இல்லாம ஸ்பீக்கர்ல போடுங்க, வெளிய கத்துறது எது பாட்டுக்குள்ள கத்துறது எதுன்னு தெரியாது.

பாடுற பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை. அவங்க குரலை காப்பி அடிக்காதீங்க, அந்த உச்சத்துக்கு தொண்டையை இழுத்தா தொண்டைதான் போகும். எடுத்துக்க வேண்டியது முறையை. உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒரு ஆளை எடுங்க, பாசார் மாலாம்ல, அதாவது ராத்திரிச் சந்தையில, அப்பம் சுடுற ஆண்ட்டியா இருக்கட்டும், லாரி ஓட்டுன அப்பாவா இருக்கட்டும், அவங்க எப்படி நிப்பாங்களோ அப்படி நின்னு, அவங்க மூச்சு விடுற மாதிரி மூச்சு விட்டு, ஒரு நாலு வரி பாடி ஃபோன்ல பதிஞ்சு கேளுங்க. முதல்ல உடம்பு மாறணும், குரல் பின்னாலயே வரும், மைம் வகுப்புல அவங்க கத்துகிட்டது அதுதான். ஸ்டூடியோ வாடகைக்கு எடுத்து மணியைப் பார்த்துகிட்டு பாடுறதை விட, படுக்கையறையில ஒரு மைக்கும் லேப்டாப்பும் வச்சு ஒரு மாசம் மெனக்கெடுறது மேல்.

தி ட்ரீமிங் ஆல்பத்தை கடைசியா வைங்க. நான் அதுல ஆரம்பிச்சதாலதான் ரெண்டு வருஷம் இவங்க பக்கமே வராம இருந்துட்டேன், அந்த ரெண்டு வருஷம் எனக்கு நஷ்டம். மத்ததெல்லாம் கேட்டு காது பழகுன பிறகு அதோட கடைசிப் பாட்டுக்கு வாங்க, கெட் அவுட் ஆஃப் மை ஹவுஸ். இதுல பேசுறது ஒரு வீடு மாதிரி தன்னைப் பூட்டிக்கிட்ட பொண்ணு, யாரையும் உள்ள விடமாட்டேன்னு கத்துறா, ஆள் உருவம் போய் கோவேறு கழுதையாவே மாறி கனைக்கிறா, நிஜமா கழுதை மாதிரி கனைச்சிருக்காங்க. அது அடங்குற நேரத்துல ஒரு குரல் வாயால தாளம் சொல்ல ஆரம்பிக்கும், தபலாக்காரங்க சொல்ற ஜதி, நம்ம காதுக்கு உடனே தெரியும். அந்த இடம் வரும்போது சவுண்டை கொஞ்சம் கூட்டி வைங்க.